தாயைக் கேளாத பாதுகாப்பு

“ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்” என்பது நம் முன்னோர் மொழி. பிறர் குழந்தையிடத்தும் நமக்கு அன்பு வேண்டும் என்பதே அதன் கருத்து. ஊட்டி வளர்க்கச் சொன்னார்களேயன்றி, ஊரார் பிள்ளையை ஊராரிடமிருந்து பறித்துக்கொண்டு போய் வளர்க்கும்படி அவர்கள் சொல்லவில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஆயினும் ஒரு நாட்டின் சட்டங்களும் அலுவலகங்களும் அறுபது ஆண்டுகளுக்கு அவ்வேற்றுமையை அறியாமலே நடந்தன. அந்நாடு ஆஸ்திரேலியா. அங்கே ‘குழந்தைகளின் பாதுகாப்பு’ என்ற நல்ல பெயரால் நடந்த கொடுமையை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் கடந்த நாட்டின் பழங்கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்று மொழி பேசுவோரிடையே வாழ்கின்றவர்கள் நாம். நாம் உண்ணும் முறையும், உடுத்தும் முறையும், பிள்ளைகளை வளர்க்கும் முறையும் அண்டை வீட்டாருக்குப் புதுமையாகத் தோன்றுவதுண்டு. அவர்கள் நல்லவர்களாதலால் புன்னகையோடு அது போய்விடுகிறது. ஆனால் அந்த வேற்றுமையையே ஒரு குற்றமாக எழுதிக்கொள்ளும் அதிகாரம் ஓர் அலுவலகத்திற்குக் கிடைத்துவிடுமானால் என்ன நேரும்? அதைத் தெரிந்துகொள்ள ஆஸ்திரேலியாவின் வரலாற்றைக் காட்டிலும் நல்ல பாடம் வேறில்லை.

சட்டம் வந்த வழி

ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயர் குடியேறியது 1788-ஆம் ஆண்டில். அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே அங்கு வாழ்ந்திருந்த ஆதிகுடி மக்கள், நிலத்தையும் நீர்நிலைகளையும் இழந்து, ஊர்ப்புறத்துக் குடிசைகளிலும் ஆட்டுப் பண்ணைகளின் ஓரங்களிலும் ஒண்டிக்கொண்டு வாழும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். நிலத்தை எடுத்துக்கொண்ட பின்னர், ‘இவர்களைப் பாதுகாக்க வேண்டும்’ என்ற எண்ணம் ஆட்சியாளருக்கு உண்டாயிற்று. 1869-ஆம் ஆண்டில் விக்டோரியா மாகாணம் ஆதிகுடிகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. அவர்களுடைய குழந்தைகளின் பராமரிப்பையும் கல்வியையும் பற்றி விதிகள் செய்யும் அதிகாரத்தை அது சர்க்காருக்கு அளித்தது. மற்ற மாகாணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வழியைப் பின்பற்றின.

மேற்கு ஆஸ்திரேலியா 1905-ஆம் ஆண்டில் ஒரு படி மேலே சென்றது. 16 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு ஆதிகுடிக் குழந்தைக்கும், கலப்பினக் குழந்தைக்கும் ‘தலைமைப் பாதுகாவலர்’ என்ற உத்தியோகஸ்தரே சட்டப்படி காப்பாளர் என்று அம்மாகாணத்துச் சட்டம் கூறிற்று. பெற்ற தாய் உயிரோடு பக்கத்தில் நிற்கிறாள். பல நூறு கல் தொலைவில், குழந்தையின் முகத்தையும் பாராத ஒருவர் அதற்குக் காப்பாளர்! 1915 முதல் 1940 வரை அப்பதவியிலும் அதன் வழிவந்த பதவியிலும் இருந்தவர் ஏ. ஓ. நெவில் என்பார். வெள்ளையரின் இரத்தம் கலந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து வெள்ளையரோடு கலக்கச் செய்துவிட்டால், காலப்போக்கில் ஆதிகுடி என்ற அடையாளமே மறைந்துவிடும் என்பது அவர் கொண்டிருந்த கொள்கை. 1937-ஆம் ஆண்டில் கான்பெராவில் கூடிய அதிகாரிகளின் மாநாடும் முழு ஆதிகுடியல்லாதாரை வெள்ளையரோடு கலந்து மறையச் செய்வதே இலக்கு என்று தீர்மானித்தது. பாதுகாப்பு என்ற சொல்லின் உள்ளே இருந்தது இதுவே.

நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் 1909-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒரு குழந்தையை எடுத்துச் செல்ல வேண்டுமானால், அது கவனிப்பாரின்றிக் கிடக்கிறது என்று நீதிபதியின் முன் மெய்ப்பித்தாக வேண்டும். பாதுகாப்பு வாரியத்திற்கு இது இடையூறாகத் தோன்றியது. 1915-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. குழந்தையின் ஒழுக்க நலனுக்கோ உடல் நலனுக்கோ நல்லது என்று வாரியம் கருதினாலே போதும், நீதிமன்றத்திற்குப் போக வேண்டியதில்லை என்றாயிற்று. ‘மெய்ப்பிக்க வேண்டும்’ என்ற இடத்தில் ‘கருதினால் போதும்’ என்ற இரு சொற்கள் வந்து அமர்ந்தன. அவ்வளவே. அந்த இரு சொற்கள் எத்தனை தொட்டில்களை வெறுமையாக்கின என்பதை நினைத்தால் நெஞ்சம் நடுங்குகிறது.

விடுதிகளில் நடந்தது

எடுத்துச் செல்லப்பட்ட பெண் குழந்தைகள் கூட்டமுண்ட்ரா என்ற ஊரில் இருந்த விடுதிக்கும், ஆண் குழந்தைகள் கிஞ்சேலா என்ற இடத்து விடுதிக்கும் அனுப்பப்பட்டனர். பெண்களுக்கு அங்கே கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் வீட்டு வேலை. கைகால் தேறியதும் வெள்ளையர் வீடுகளில் வேலைக்காரிகளாக அவர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுடைய கூலியில் பெரும் பகுதி வாரியத்தின் கணக்கில் சேர்ந்தது. பலருக்கு அது திரும்பக் கிடைக்கவேயில்லை. கிஞ்சேலாவில் சிறுவர்களைப் பெயர் சொல்லி அழைக்காமல் எண் சொல்லி அழைத்தனர் என்று, அங்கே வளர்ந்து முதியவர்களானோர் கூறியிருக்கின்றனர். தாய்மொழியில் பேசினால் தண்டனை. தாய் இறந்துவிட்டாள் என்றோ, அவளுக்கு உன்மேல் விருப்பமில்லை என்றோ சொல்லி வளர்த்த இடங்களும் உண்டு.

அந்நாளைய பதிவேடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர் பீட்டர் ரீட் என்ற வரலாற்றாசிரியர். குழந்தையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என்ன என்ற கட்டத்தில், ஆதிகுடியாக இருப்பது என்பதே காரணமாக எழுதப்பட்ட பதிவுகளையும் அவர் கண்டார். ‘திருடப்பட்ட தலைமுறைகள்’ என்ற தொடரை 1981-ஆம் ஆண்டில் தம் சிறு நூலுக்குத் தலைப்பாக இட்டு வழங்கச் செய்தவரும் அவரே.

வேலியைப் பற்றிக்கொண்டு வீடு சேர்ந்தவர்கள்

1931-ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜிகலாங் என்ற இடத்திலிருந்து மூன்று சிறுமியர் பிடித்துச் செல்லப்பட்டனர். மூத்தவள் மோலிக்குப் பதினான்கு வயதிருக்கும், இளையவளுக்கு எட்டு. பெர்த் நகருக்கு வடக்கே இருந்த மூர் ரிவர் குடியிருப்பில் அவர்களைக் கொண்டுபோய் விட்டனர். வந்து சேர்ந்த சிறு பொழுதிலேயே மூவரும் அங்கிருந்து புறப்பட்டுவிட்டார்கள். கையில் நிலப்படமில்லை, வழி சொல்வாருமில்லை. முயல்கள் பயிரை அழிக்காதபடி அந்த மாகாணத்தின் வடக்குத் தெற்காகப் போடப்பட்டிருந்த நெடிய கம்பி வேலி தங்கள் ஊரின் அருகேயும் செல்கிறது என்பது மோலிக்குத் தெரியும். அவ்வேலியைப் பற்றிக்கொண்டு ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் தூரத்தை ஒன்பது வாரங்களில் நடந்தே கடந்தனர். இடையில் ஒருத்தி அகப்பட்டுக்கொண்டாள். மோலியும் இளையவளும் வீடு சேர்ந்தனர்.

கதை அத்தோடு முடியவில்லை. மோலி வளர்ந்து, மணமாகி, இரண்டு பெண்களுக்குத் தாயானாள். 1940-ஆம் ஆண்டில் சிகிச்சைக்காக அவளைப் பெர்த்துக்குக் கொண்டு சென்றவர்கள், பின்னர் அதே மூர் ரிவர் குடியிருப்பிற்குக் குழந்தைகளோடு அவளை அனுப்பினர். அவள் மறுபடியும் தப்பி நடந்தாள். இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் நடக்க இயலாது. கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு, நான்கு வயதுகூட நிரம்பாத மூத்தவள் டோரிஸை விட்டுவிட்டுச் சென்றாள். சுமந்து சென்ற குழந்தையையும் மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதிகாரிகள் எடுத்துக்கொண்டனர். அந்த மகளை மோலி 2004-ஆம் ஆண்டில் இறக்கும்வரை மறுபடி காணவேயில்லை. விட்டுச்செல்லப்பட்ட டோரிஸ் இருபது ஆண்டுகளுக்குமேல் கழித்துத் தாயிடம் வந்து சேர்ந்தார். அவரே டோரிஸ் பில்கிங்டன் என்ற பெயரில் 1996-ஆம் ஆண்டில் தம் தாயின் நடைப்பயணத்தை நூலாக எழுதினார். 2002-ஆம் ஆண்டில் அது திரைப்படமாகவும் வந்து உலகறிந்தது.

மூன்று சிறுமியர் எதை விட்டு ஓடினர்? பாதுகாப்பை விட்டு! எதை நாடி ஓடினர்? எங்கிருந்து பாதுகாக்க வேண்டும் என்று சர்க்கார் எண்ணிற்றோ, அந்தக் குடிசையை நாடி! குழந்தையின் கால்கள் எத்திசையில் நடந்தன என்று பார்த்திருந்தாலே உண்மை விளங்கியிருக்கும்.

ஒரு கடிதமும் அதற்கு வந்த பதிலும்

நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் படிக்க வேண்டிய ஒரு வழக்கு உண்டு. 1957-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, தென் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆதிகுடிக் குடும்பத்தின் பதின்மூன்று மாதக் குழந்தைக்கு வயிற்றுக் கோளாறு கண்டது. தந்தையிடம் வண்டியில்லை. அண்டை அயலார் காரில் வைத்துக் குழந்தையை அடிலெய்டு மருத்துவமனைக்குக் கொண்டு சென்று சேர்த்தனர். குழந்தை குணமடைந்தது. இரண்டு வாரங்களுக்குள் ஆதிகுடிகள் வாரியத்தார் அதை வேறொரு குடும்பத்தாரிடம் வளர்க்கக் கொடுத்துவிட்டனர். பெற்றோரைக் கேட்கவில்லை; சொல்லவுமில்லை.

1958-ஆம் ஆண்டில் அத்தாய் வாரியத்திற்குக் கடிதம் எழுதினாள். குழந்தை எப்படி இருக்கிறது, எப்போது வீட்டிற்கு வரும் என்பதே அவள் கேட்டது. வாரியத்திலிருந்து பதில் வந்தது. குழந்தை நன்றாகத் தேறி வருகிறது, ஆயினும் வீட்டிற்கு அனுப்பலாம் என்று மருத்துவர் இன்னும் கருதவில்லை என்பது அதன் சாரம். அந்தப் பதில் எழுதப்பட்டபோது குழந்தை மருத்துவமனையிலேயே இல்லை. பல மாதங்களாக மற்றொருவர் வீட்டில் இருந்தது. மகன் தாயிடம் திரும்பியபோது அவனுக்கு வயது பத்து. தந்தை அதற்குள் மறைந்துவிட்டார். திரும்பி வந்தவனுக்கு அதுவும் அந்நிய வீடாகவே இருந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் மனநோயோடும் குடிப்பழக்கத்தோடும் போராடினார்.

அவர் வழக்குத் தொடுத்தார். 2007-ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி தாமஸ் கிரே அவருக்கு 5,25,000 ஆஸ்திரேலிய டாலர் நஷ்டஈடு வழங்கித் தீர்ப்பளித்தார். திருடப்பட்ட தலைமுறையைச் சேர்ந்த ஒருவருக்கு நீதிமன்றம் நஷ்டஈடு அளித்தது அதுவே முதன்முறை. இவ்வாறு பெற்றோரைக் கேளாமல் குழந்தைகளை எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் அதிகாரமில்லை என்று சர்க்கார் வழக்கறிஞரே வாரியத்திற்கு முன்னமே தெரிவித்திருந்தார் என்பதும், அதிகாரமில்லாமலே பல குழந்தைகளைத் தாங்கள் எடுத்துக்கொண்டதாக வாரியத்தின் செயலாளரே 1958-ஆம் ஆண்டில் இரகசியக் கடிதமொன்றில் எழுதியிருந்தார் என்பதும் அவ்வழக்கில் வெளியாயின. தீர்ப்புக்கு அடுத்த ஆண்டிலேயே, ஐம்பத்தோராம் வயதில், அவர் காலமானார்.

காகிதத்தில் எழுதியது

இதைப் படித்தபோது நம் தொழில் நமக்கு நினைவுக்கு வந்தது. புகைவண்டியில் அனுப்பப்படும் ஒரு மாம்பழக் கூடைக்குக்கூட அனுப்பியவர் பெயர், பெறுபவர் பெயர், புறப்பட்ட நிலையம், சேரும் நிலையம் எல்லாம் எழுதிய சீட்டு உண்டு. அது வழிதவறிப் போனால் நிலையத்திற்கு நிலையம் கடிதங்கள் பறக்கும். உரியவர் வந்து கேட்டால் ‘கூடை சௌக்கியமாக இருக்கிறது’ என்று பொய்ப்பதில் எழுதி அனுப்ப நமக்கு அதிகாரமில்லை. அக்குழந்தைகளின் சீட்டோ வேண்டுமென்றே கிழிக்கப்பட்டது. பெயர் மாற்றப்பட்டது, பிறந்த ஊர் மறைக்கப்பட்டது, தாய் எழுதிய கடிதங்கள் கோப்புகளில் அடங்கிக் கிடந்தன.

ஒரு காகிதத்தில் ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்பதை நாமும் கண்டதுண்டு. நாம் வேலை பார்த்த வடநாட்டுச் சந்திப்பு நிலையம் ஒன்றில், ஒரு நாள் இரவு ஐந்தாறு வயதுச் சிறுவன் ஒருவன் கூட்டத்தில் பெற்றோரைப் பிரிந்து நின்றான். எந்த ஊர் என்று கேட்டவரிடம் அழுதுகொண்டே ‘வந்தவாசி’ என்றான். கேட்டவருக்குத் தமிழ் தெரியாது. அவர் நோட்டுப் புத்தகத்தில் ‘வனவாசி’ என்று எழுதிக்கொண்டார். காட்டில் வாழும் சாதியைச் சேர்ந்த பிள்ளை போலும் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நல்ல வேளையாக அங்கிருந்த தமிழ்க் கலாசி ஒருவர் குனிந்து, “தம்பி, உங்க அப்பா பேரு என்னப்பா?” என்று கேட்டார். பிள்ளை அழுகையை நிறுத்திப் பேசத் தொடங்கினான். ஒரு மணி நேரத்திற்குள் அடுத்த நிலையத்தில் தவித்துக்கொண்டிருந்த பெற்றோருக்குச் செய்தி போய்விட்டது. எழுதியவர் கெட்டவரல்லர், இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்தவர். ஆனால் குழந்தையின் மொழியில் ஒரு வார்த்தை கேட்பார் இல்லாதிருந்தால், அந்த நல்லவர் எழுதிய ‘வனவாசி’ என்ற சொல்லே அப்பிள்ளையின் வரலாறாக ஆகியிருக்கும்.

தாயின் பெருவிரல் ரேகையும் ஒரு காகிதந்தான். 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மத்திய சர்க்காரின்மீது இருவர் தொடுத்த மற்றொரு வழக்கில், அவர்களில் ஒருவருடைய தாய் ரேகை வைத்ததாகக் கூறப்பட்ட ஒப்புதல் படிவம் ஒன்று காட்டப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதியிருந்த அதை அத்தாய் எவ்வளவு அறிந்து ரேகை வைத்தாள் என்பதை உரைக்க வல்லார் யாரும் அந்நாளில் இல்லை. வழக்குத் தோற்றது. எழுத்தறியாதாரின் ஒப்புதல் என்பது எத்தகையது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

உண்மை வெளிவந்தது

1980-ஆம் ஆண்டில், பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் பொருட்டு ‘லிங்க்-அப்’ என்ற சங்கம் நியூ சவுத் வேல்ஸில் தொடங்கப்பட்டது. சிறு வயதில் எடுத்துச் செல்லப்பட்டவர்களில் ஒருவரான கோரல் எட்வர்ட்ஸ் என்ற அம்மையாரும், முன்னர்க் குறித்த பீட்டர் ரீடும் அதன் மூலவர்கள். பழைய கோப்புகளைத் தேடி, பெயர்களை ஒப்பிட்டு, தாயையும் மகனையும் ஒருவர்முன் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தும் பணியை அது மேற்கொண்டது.

1995-ஆம் ஆண்டில் சர்க்கார் விசாரணை ஒன்றிற்கு உத்தரவிட்டது. முன்னாள் நீதிபதி சர் ரொனால்ட் வில்சனும், ஆதிகுடித் தலைவர் மிக் டாட்சனும் அதை முன்னின்று நடத்தினர். 777 பேரும் நிறுவனங்களும் அதன்முன் வாக்குமூலங்களும் மனுக்களும் அளித்தனர். 1997-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் தேதி அறிக்கை பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. ஏறக்குறைய 1910 முதல் 1970 வரை, ஆதிகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை வீட்டினின்றும் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அது மதிப்பிட்டது. ஒரு தெருவில் மூன்று வீடு இருந்தால் ஒரு வீட்டில் அழுகை என்று வைத்துக்கொண்டாலும் அத்துயரத்தின் அளவு ஒருவாறு புலனாகும்.

மன்னிப்புக் கேட்பதற்கு மேலும் பதினோர் ஆண்டுகள் ஆயின. அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்ட் வருத்தம் தெரிவிக்க இசைந்தாரே ஒழிய, நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்க இசையவில்லை. 2000-ஆம் ஆண்டில் சிட்னித் துறைமுகப் பாலத்தின்மீது ஏறக்குறைய இரண்டரை லட்சம் மக்கள் நடந்து சென்று சமரசத்தை வேண்டினர். முடிவில் 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் தேதி, பிரதமர் கெவின் ரட் பார்லிமெண்டில் எழுந்து நின்று, முந்தைய பார்லிமெண்டுகளும் அரசாங்கங்களும் செய்த சட்டங்களுக்காகவும் கொள்கைகளுக்காகவும் மன்னிப்புக் கேட்டார். பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்த முதியவர்கள் கண்ணீர் வடித்தனர். டாஸ்மேனியா மாகாணம் 2006-ஆம் ஆண்டிலேயே நஷ்டஈட்டு நிதி ஏற்படுத்தி முதலில் வழிகாட்டியது. மத்திய சர்க்காரின் ஆட்சியில் இருந்த பிரதேசங்களில் பிரிக்கப்பட்டவர்களுக்கு 75,000 டாலர் அளிக்கும் திட்டம் 2022-ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அதற்குள் பெற்றுக்கொள்ள வேண்டியவர்களில் பலர் இவ்வுலகில் இல்லை.

பழைய சட்டங்கள் ஒழிந்தன. ஆயினும் நோய் முற்றும் தீர்ந்தபாடில்லை. அந்நாட்டுக் குழந்தைகளில் ஆதிகுடியினரும் டோரஸ் நீரிணைத் தீவினரும் நூற்றுக்கு ஆறு பேர் அளவினரே. வீட்டினின்றும் பிரித்துப் பிறரிடம் வைக்கப்பட்டிருக்கும் குழந்தைகளிலோ நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் அவர்களே. இவ்வேற்றுமையை 2031-ஆம் ஆண்டிற்குள் நூற்றுக்கு 45 பங்கு குறைப்பதென 2020-ஆம் ஆண்டில் அரசாங்கங்களும் ஆதிகுடி அமைப்புகளும் உடன்பாடு செய்துகொண்டன. இன்று எடுப்பவர்கள் இனத்தைக் காரணமாக எழுதுவதில்லை. ‘புறக்கணிப்பு’ என்று எழுதுகின்றனர். நெருக்கடியான வீடும், காலியான அடுப்பும், நோயுற்ற தாயும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அத்தாய்க்கு வேண்டியது உதவி, கிடைப்பதோ பிரிவு.

எது உண்மையான பாதுகாப்பு?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெற்றோராலேயே துன்புறும் குழந்தைகள் எல்லா நாட்டிலும் உண்டு; நம்மிடையேயும் உண்டு. அடியும் பசியும் அதனினும் கொடிய தீங்கும் சூழ்ந்த வீட்டிலிருந்து ஒரு குழந்தையை மீட்பது அறமேயாகும். அக்கடமையைச் செய்கின்ற உத்தியோகஸ்தர்களை நாம் பழிக்கவில்லை. நாம் கேட்பதெல்லாம் இதுவே: குழந்தையை எடுக்குமுன் தாயைக் கேட்டார்களா? குழந்தையைக் கேட்டார்களா? அவர்கள் மொழியில் கேட்டார்களா? வறுமையையும் கொடுமையையும் பிரித்துப் பார்த்தார்களா? தவறென்று தெரிந்தால் திரும்பும் வழி திறந்திருக்கிறதா?

1989-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டே குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாம் என்றும், பெற்றோர் தம் கருத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இந்தியா 1992-ஆம் ஆண்டில் அதில் சேர்ந்தது. வறுமை ஒன்றையே காரணமாக்கி ஒரு குழந்தையைக் குடும்பத்தினின்றும் பிரித்தல் கூடாது என்று 2009-ஆம் ஆண்டில் அச்சபையின் பொதுப் பேரவை ஏற்ற நெறிமுறைகள் தெளிவாக உரைக்கின்றன.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் நடப்பில் உள்ளது. குழந்தையை வளர்க்கும் முதற்பொறுப்பு பெற்ற குடும்பத்தினுடையது என்றும், விடுதியில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்றும் அது சொல்லுகிறது. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் கொண்டு வர வேண்டும். குழுவின் உத்தரவு சரியல்ல என்று கருதினால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின்கீழ், தகுதியுள்ள ஏழைக் குடும்பம் தன் குழந்தையை வீட்டிலேயே வைத்து வளர்ப்பதற்கு மாதம் 4,000 ரூபாய் உதவி பெறவும் வழியுண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100. துன்பத்திலுள்ள குழந்தைக்காக அழைக்க வேண்டிய எண் 1098.

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் தானாக நடப்பதில்லை. மனிதர்களே அதை நடத்துகின்றனர். எனவே நம் சங்கத்து அன்பர்களிடம் இரண்டொரு வேண்டுகோள் விடுக்கிறோம்.

பிள்ளைகளுக்குத் தந்தை பெயர், தாய் பெயர், சொந்த ஊர், இப்போது வசிக்கும் இடம், ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழிலும் இவ்வூர் மொழியிலும் சொல்லக் கற்பியுங்கள். பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். புரியாத எந்தக் காகிதத்திலும், யார் அவசரப்படுத்தினாலும், கையெழுத்தோ ரேகையோ வைக்காதீர்கள். படித்துச் சொல்லக் கேட்டு, பிரதி ஒன்றைப் பெற்றுக்கொண்ட பின்னரே வையுங்கள். கூலி வேலைக்கு வந்திருக்கும் நம் மக்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மேலும், நம் நகரத்திலுள்ள குழந்தைகள் நலக் குழுவிற்கும், புகைவண்டி நிலையத்துக் குழந்தை உதவி மையத்திற்கும் நம் சங்கத்தின் பெயரால் ஒரு கடிதம் எழுதி வைப்போம். தமிழ் மட்டுமே பேசும் பிள்ளையோ, தாயோ அங்கு வந்து நின்றால், எந்த நேரமாயினும் மொழி பெயர்த்துச் சொல்ல நம்மில் இன்னின்னார் வரத் தயார் என்று நான்கைந்து பெயர்களை அக்கடிதத்தில் குறித்துக் கொடுப்போம். இதற்குப் பணம் வேண்டியதில்லை, கட்டிடம் வேண்டியதில்லை. நடு இரவில் எழுந்து வரும் மனம் ஒன்றே வேண்டும்.

1958-ஆம் ஆண்டில் ஒரு தாய் கேட்ட எளிய கேள்விக்கு ஓர் அலுவலகம் உண்மையான பதிலை எழுதியிருந்தால், ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். நம் கண்முன் அப்படியொரு தாய் வந்து நின்று கேட்கும் நாளில், அவள் கேட்பதைப் பிறருக்கு விளக்கவும், பிறர் சொல்வதை அவளுக்கு விளக்கவும் நாம் அங்கே இருப்போமாக.